சேதாரக் கணக்கு: 72.5 கிலோவில் நின்றுபோன எடை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் அக்கா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கணவரோடு சேர்ந்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறார். வயது 43, உயரம் 156 சென்டிமீட்டர். நான் உணவியல் ஆலோசகர். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

வந்தபோது இருந்த நிலை

ஜூன் நடுவில், மாம்பழ சீசன் முடியப்போகும் நேரத்தில் வந்தார். கையில் பட்டறையின் பழைய பில் புத்தகம் ஒன்று. அதன் பின்பக்கத் தாள்களில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடையைக் குறித்து வைத்திருந்தார். நவம்பரில் 82 கிலோ. மார்ச் கடைசியில் 72.5. ஐந்து மாதத்தில் ஒன்பதரை கிலோ குறைந்திருக்கிறது. அதற்குப் பிறகு பதினொரு வாரமாக 72.8, 72.3, 73, 72.5 என்று அதே எண்கள் சுற்றிச் சுற்றி வந்தன. கடைசி நான்கு வாரத்து எண்களுக்கு அடியில் பேனாவை அழுத்திக் கோடு போட்டிருந்தார். ஒரு இடத்தில் தாளே கிழிந்திருந்தது.

“ராத்திரி சாப்பாட்டையே விட்டுப் பார்த்துட்டேன் மேடம். அப்பவும் இறங்கல. என் உடம்பு வாகே இப்படித்தான் போல” என்றார்.

அவர் என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு பேர் யோசனை சொல்லியிருந்தார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் முதலில் கொடுத்த 1,200 கலோரி அட்டவணையில்தான் அந்த ஒன்பதரை கிலோ குறைந்தது. எடை நின்றதும், அங்கிருந்தவரே 900க்குக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் உறவுக்காரர். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக அவர் விற்கும் பவுடரைக் கலந்து குடிக்கச் சொல்லியிருக்கிறார். 900 கலோரியை அக்கா பன்னிரண்டு நாள் முயன்றார். பதிமூன்றாம் நாள் பட்டறையில் எழுந்து நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்து சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். சீப்பில் முடி கொத்தாக வருகிறது என்றும் சொன்னார்.

இதைக் கேட்டதும் எனக்கு வருத்தமும் கோபமும் வந்தது. நாளுக்கு 800 கலோரிக்குக் கீழே போகும் உணவுமுறையை மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டும். 900 என்பது அதற்கு ஒரு படிதான் மேலே. அந்த அளவுக்குள் புரதம், இரும்பு, கால்சியம் மூன்றையும் தேவையான அளவு வீட்டுச் சாப்பாட்டில் நிரப்புவது ரொம்பவே கடினம். எடை மிக வேகமாக இறங்கினால் பித்தப்பையில் கல் சேர வாய்ப்பு கூடும். தசையும் கரையும். ஒருவருக்கு எடை நின்றுவிட்டது என்றால், ஏன் நின்றது என்று பார்க்காமல் இன்னும் குறை என்று சொல்வது, காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காமல் மாத்திரையை இரட்டிப்பாக்குவது மாதிரி.

அன்று எடுத்த அளவுகள்: எடை 72.5 கிலோ, உயரத்துக்கு எடை எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் பி.எம்.ஐ 29.8, இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். நம் நாட்டவருக்கு பி.எம்.ஐ 23 தாண்டினால் கூடுதல் எடை, 25 தாண்டினால் உடல் பருமன் என்று கொள்கிறோம். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னேன். முப்பது நொடியில் 11 முறை எழுந்தார். 43 வயதுக்கு இது குறைவு. தைராய்டு குறைபாட்டுக்கு நான்கு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரை நோய் இல்லை.

கணக்கு உதைத்த இடம்

இரண்டு மூன்று வாரம் எடை அசையாமல் இருந்தால் நான் அதைத் தேக்கம் என்று சொல்வதில்லை. உப்பு, மாதவிடாய், மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சி, இவை ஒவ்வொன்றும் உடம்பில் ஒரு கிலோ தண்ணீரைக்கூடப் பிடித்து வைக்கும். உள்ளே கொழுப்பு குறைந்துகொண்டே இருந்தாலும் முள் அதைக் காட்டாது. பதினொரு வாரம் என்பது அப்படியில்லை. அது உண்மையான தேக்கம்தான்.

முதலில் தாளில் கணக்குப் போட்டோம். உடம்பு சும்மா இருக்கும்போதே செலவழிக்கும் சக்தியைக் கணிக்க 1990இல் வந்த மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறோம். பெண்களுக்கு, கிலோவில் எடையைப் பத்தால் பெருக்கி, சென்டிமீட்டரில் உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, மேலும் 161 கழிக்க வேண்டும். 82 கிலோவாக இருந்தபோது இவருக்கு 1,419 கலோரி. 72.5 கிலோவில் 1,324. நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் 1.3ஆல் பெருக்கினேன். மொத்தச் செலவு சுமார் 1,845இலிருந்து 1,720க்கு இறங்கியிருக்கிறது. ஒன்பதரை கிலோ சுமையை இறக்கி வைத்த உடம்புக்கு நாளுக்கு 125 கலோரி குறைவாகவே போதும். இதைத் தவிர உடம்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும். எடை குறைந்தவர்களின் சக்திச் செலவு, எடை குறைந்ததை வைத்து எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாகவே குறைகிறது என்று 1995இல் லீபல், ரோசன்பாம், ஹிர்ஷ் மூவரும் அளந்து காட்டினார்கள்.

இதையெல்லாம் சேர்த்தாலும் கணக்கு உதைத்தது. உண்மையிலேயே அக்கா 1,200 கலோரிதான் சாப்பிடுகிறார் என்றால், நாளுக்கு 400க்கு மேல் பற்றாக்குறை இருக்க வேண்டும். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்று வைத்தால், பதினொரு வாரத்தில் நான்கு கிலோவாவது குறைந்திருக்கும். குறையவில்லை. அப்படியென்றால் வரவு நாம் நினைப்பதைவிட அதிகமாக இருக்கிறது, அல்லது செலவு நினைப்பதைவிடக் குறைந்திருக்கிறது. பெரும்பாலும் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் எனக்கு யோசனை. “நீங்கள் சொல்வதைவிட அதிகமாகச் சாப்பிடுகிறீர்கள்” என்று ஒருவரிடம் சொன்னால், பொய் சொல்கிறீர்கள் என்று சொன்னதாகத்தான் அவர் காதில் விழும். அடுத்த தடவை வரமாட்டார். 1992இல் லிட்ச்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு உண்டு. 1,200 கலோரிக்குக் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை நவீன முறையில் அளந்து பார்த்தார்கள். அவர்கள் உடம்பு சக்தியைச் செலவழிப்பதில் குறை எதுவும் இல்லை. ஆனால் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் மனமறிந்து பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சமைக்கும் கைக்கும் ருசி பார்க்கும் நாக்குக்கும் கணக்கு வைக்கத் தெரியாது. எனக்கும் அப்படித்தான்.

ஆய்வைப் பற்றி அவரிடம் பேசவில்லை. பட்டறையில் வேலை எப்படி நடக்கும் என்று கேட்டேன். காலையில் ஆளுக்கு இவ்வளவு வெள்ளி என்று எடை போட்டுக் கொடுப்பாராம். சாயங்காலம் வேலை முடித்த கொலுசையும் மிச்சத் துண்டுகளையும் தூசியையும் சேர்த்து எடை போடுவாராம். கொடுத்ததற்கும் வந்ததற்கும் வித்தியாசம் சேதாரம்.

“சேதாரம் கூடுனா யார் மேலயாவது சந்தேகப்படுவீங்களா அக்கா?”

“சேச்சே. யாரும் எடுக்க மாட்டாங்க. அராவும்போது பறக்கும், மெருகு போடும்போது கரையும், தரையில ஒட்டும். தேடிப் பார்த்தா கிடைச்சுரும்.”

“இதையும் அப்படித் தேடிப் பார்ப்போமா?”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “என் தராசை எடுத்துக்கிட்டு வரட்டுமா?” என்று கேட்டார்.

தராசு சொன்னது

ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம், வழக்கம்போலச் சாப்பிட்டு எடை போட்டு மட்டும் எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பட்டறைத் தராசில் நாலு கிலோ எண்ணெய் டின்னை வைக்க முடியாது, அதற்கு மட்டும் சமையலறைத் தராசு ஒன்றைக் கொடுத்தேன். மற்றதெல்லாம் வெள்ளி எடை போடும் தராசில்தான்.

முதலில் எண்ணெய். தனக்கு நாளுக்கு இரண்டு டீஸ்பூன் என்றுதான் எழுதி வந்திருக்கிறார். இரண்டு டீஸ்பூன் என்றால் 9 கிராம், 81 கலோரி. நான் யாரிடமும் எத்தனை ஸ்பூன் என்று கேட்பதை விட்டுப் பல வருடம் ஆகிறது. மாதம் எத்தனை லிட்டர் வாங்குவீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்றுதான் கேட்பேன். ஐந்து லிட்டர், நாலு பேர் என்றார். மரச்செக்குக் கடலை எண்ணெய். செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று மாமியார் சொல்வதால் தாளிப்பில் கை தாராளம். செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும் எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். இது தெரியாததால் நல்லது என்ற பெயரிலேயே நிறைய வீடுகளில் எண்ணெய் கூடிவிடுகிறது. திங்கட்கிழமை காலையிலும் ஞாயிறு இரவிலும் டின்னை எடை போட்டதில் வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் போயிருந்தது. கணவரும் மகனும் சாப்பிட்ட வறுவல், அப்பளத்தைக் கழித்துவிட்டால் அக்காவின் பங்கு நாளுக்கு 29 கிராம், 261 கலோரி. உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்குச் சமையல் எண்ணெய் 20 கிராம் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவு. அவர் கணக்கில் வராத எண்ணெய் மட்டும் 180 கலோரி.

அவர் தோசை ஊற்றும் விதத்தையும் செய்து காட்டச் சொன்னேன். கரண்டி நுனியில் எண்ணெய் எடுத்துக் கல்லைச் சுற்றி ஒரு வட்டம், தோசை திருப்பும்போது ஓரத்தில் இன்னொரு சொட்டு, அடுத்த தோசைக்கு முன் கல்லில் தேய்க்கக் கொஞ்சம். ஒவ்வொன்றும் பார்க்கத் துளிதான். நாலு தோசைக்கு எண்ணெய்க் கிண்ணத்தை முன்னும் பின்னும் எடை போட்டோம். 22 கிராம் குறைந்திருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் தானாகவே தலையில் கை வைத்துக்கொண்டார். “இவ்வளவு வெள்ளி சேதாரம் ஆச்சுன்னா அன்னிக்குத் தூங்கவே மாட்டேன் மேடம்.”

இரண்டாவது, மாம்பழம். எடை நின்றது ஏப்ரலில் என்று பில் புத்தகம் சொன்னபோதே எனக்கு இந்தச் சந்தேகம் இருந்தது. ஏப்ரலில் இருந்து ஜூன் வரை சேலத்தில் எந்த வீட்டில் மாம்பழ வாசம் இல்லை? இரவுச் சாப்பாட்டை விட்டேன் என்றவர், அதற்குப் பதிலாகப் பழம் சாப்பிட்டிருக்கிறார். பழம்தானே என்று எழுதவில்லை. நன்றாகப் பழுத்த ஒரு மல்கோவா அரைக் கிலோ வரும். தோலும் கொட்டையும் போக 300, 350 கிராம் சதை, சுமார் 200 கலோரி. வாரத்தில் நாலைந்து நாள் சாப்பிட்டதைச் சராசரி போட்டால் நாளுக்கு 130. மாம்பழத்தை நான் யாருக்கும் தடுப்பதில்லை. எங்கள் ஊரில் அதைத் தடுக்கும் ஆலோசகரின் பேச்சை ஒருவரும் கேட்கவும் மாட்டார்கள், கேட்கத் தேவையும் இல்லை. ஆனால் அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

மூன்றாவது, பட்டறை டீ. காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் வேலைக்காரர்களுக்கு டீ வரும். அக்கா அரை டம்ளர். ஆறேழு பேர் குடிக்கும்போது முதலாளியம்மா மட்டும் குடிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்பார். அதில் தப்பே இல்லை. சர்க்கரையோடு இரண்டு அரை டம்ளர், 80 கலோரி. சில நாள் மாலையில் தட்டுவடை செட் வாங்கி வருவார்கள். இவர் ஒன்று மட்டும் எடுத்துக்கொள்வார். நடுவில் இருக்கும் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயத்தால் ஒன்றும் வராது. கீழேயும் மேலேயும் இருக்கும் தட்டை எண்ணெயில் பொரித்தது. வாரச் சராசரியில் அதுவும் கூட வந்த முறுக்கும் சேர்த்து நாளுக்கு 50.

எண்ணெய், மாம்பழம், டீ, பலகாரம் நான்கையும் கூட்டினால் 440. எழுதியது 1,200, தராசு காட்டியது 1,640. எடை ஏறாமலும் இறங்காமலும் இருந்ததால் உடம்பின் செலவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். சூத்திரம் சொன்ன 1,720க்கும் இதற்கும் இடையில் 80 கலோரி வித்தியாசம் இருந்தது. அது எங்கே போனது என்பது அவருடைய செல்போனில் தெரிந்தது. குளிர்காலத்தில் காந்தி ஸ்டேடியத்தில் காலையில் நடந்தபோது நாளுக்கு 7,000 அடி பக்கம் காட்டியது. வெயில் ஏறியதும் நடை நின்றது. மே மாதச் சராசரி 3,400. வீடு மாடியில், பட்டறை கீழே. முன்பு தானே ஏறி இறங்கியவர், சோர்வாக இருக்கிறது என்று பையனை அனுப்பத் தொடங்கியிருக்கிறார். குறைவாகச் சாப்பிடும் உடம்பு இப்படித்தான் சத்தமில்லாமல் அசைவைக் குறைத்துக்கொள்ளும். இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

எனக்கு அதிகம் கவலை கொடுத்தது இந்த 440 இல்லை, புரதம். 1,640 கலோரியில் புரதம் 38 கிராம்தான் இருந்தது. அவர் எடைக்கு, எடை குறைக்காமல் சும்மா இருந்தாலே, கிலோவுக்கு 0.83 கிராம் வீதம் 60 கிராம் வேண்டும். எடை குறைக்கும் காலத்தில் தசையைக் காப்பாற்ற அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். வெள்ளிக்கிழமை விரதத்தன்று நாள் முழுக்க ஜவ்வரிசிக் கஞ்சியும் ஜவ்வரிசி உப்புமாவும். ஜவ்வரிசி எங்கள் மாவட்டத்துக்குச் சோறு போடும் தொழில், எனக்கும் பிடித்த பண்டம். ஆனால் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவிலிருந்து எடுப்பது என்பதால் ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. 100 கிராமில் 350 கலோரி இருக்கும், புரதம் இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். விரதத்தன்று வயிறு லேசாக இருப்பதால், அது எடையைக் குறைக்கும் உணவு என்று அக்கா நம்பியிருந்தார். நாற்காலியில் 11 முறைதான் எழ முடிந்ததற்கும் சீப்பில் முடி வந்ததற்கும் இந்தப் புரதக் குறைவில் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

மாத்திரையும் காபியும்

எடை நின்றதும் வீட்டில் எல்லோரும் பழி போட்டது தைராய்டு மேல். அதையும் பார்க்க வேண்டியதுதான். காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஏற்காட்டுக் காபிப்பொடியில் இறக்கிய டிகாஷன், பால், அதோடு தைராய்டு மாத்திரை, கூடவே கால்சியம் மாத்திரை. மூன்றும் ஒரே நேரத்தில், மறந்துவிடாமல் இருப்பதற்காக.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். காபிக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரமாவது வேண்டும். இல்லாவிட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. அதனால் நான் கண்டதை ஒரு தாளில் எழுதி அவருடைய மருத்துவரிடமே அனுப்பினேன். தைராய்டு எப்படி இருக்கிறது என்று காட்டும் டி.எஸ்.எச் ரத்தப் பரிசோதனையில் 7.8 என்று வந்தது, இருக்க வேண்டியதைவிட அதிகம். மருத்துவர் மாத்திரை அளவை மாற்றவில்லை, நேரத்தை மட்டும் மாற்றச் சொன்னார். கால்சியம் மாத்திரை இரவுக்குப் போனது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது 3.2, சரியான அளவுக்குள்.

இதைச் சரிசெய்ததில் அவருக்குச் சோர்வு குறைந்தது. எடையில் இதன் பங்கு சிறியதுதான் என்று அப்போதே சொல்லிவிட்டேன். தைராய்டு குறைவால் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோ, அதிலும் பெரும்பகுதி உப்பும் தண்ணீரும். எல்லாம் தைராய்டால்தான் என்று விட்டிருந்தால் எண்ணெய் டின்னை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

என்ன மாற்றினோம்

முதல் இரண்டு வாரம் கலோரியைக் குறைக்கவே இல்லை. அதே 1,640. உள்ளே இருப்பதை மட்டும் மாற்றினோம். இரவுச் சாப்பாடு திரும்பி வந்தது. பன்னிரண்டு நாள் பட்டினிக்கும் தலைசுற்றலுக்கும் பிறகு உடம்பும் மனசும் கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து 1,400.

சாப்பாடு அவர் வீட்டுச் சாப்பாடுதான். காலையில் இரண்டு இட்லி, பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பார், இரண்டு முட்டை. மதியம் எடை போட்ட 150 கிராம் சோறு, கொள்ளு கடைந்தது அல்லது பச்சைப்பயறு கடைந்தது, கீரை, பொரியல், தயிர். வாரத்தில் மூன்று நாள் 100 கிராம் மீனோ கோழியோ குழம்பில், வறுவலாக இல்லாமல். நாலு மணிக்குத் தட்டுவடைக்குப் பதிலாகச் சுண்டல். பட்டறையில் எல்லோருக்கும் அதையே போட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் தட்டுவடை செட் உண்டு, எல்லோரும் கேட்டதால். இரவு இரண்டு சப்பாத்தியும் பாசிப்பருப்புக் கூட்டும், அல்லது ராகிக் களியும் கீரைக் கடைசலும். களியை மட்டும் அளவோடு என்றேன். ராகிக்கும் அரிசிக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைத்து எடை கூட்டிக்கொண்டு வருபவர்களை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன். புரதம் சராசரியாக 72 கிராமுக்கு வந்தது.

விரதத்தில் கை வைக்கவில்லை. அது அவருக்கும் அம்மனுக்கும் இடையிலானது. கஞ்சி மட்டும் பாசிப்பருப்பும் கொஞ்சம் ஜவ்வரிசியும் கலந்த கஞ்சி ஆனது. மாமியார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பாசிப்பருப்பு விரதத்துக்கு ஆகும் என்று கோயில் பூசாரியிடமே கேட்டு வந்த பிறகுதான் சமாதானம் ஆனார்.

எண்ணெய்க்கு ஒரே ஒரு ஏற்பாடுதான் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் டின்னிலிருந்து வாரத்துக்கான எண்ணெயை ஒரு தூக்கில் எடை போட்டு ஊற்றி வைத்துவிட வேண்டும். நாலு பேருக்கு 600 கிராம். அடுத்த ஞாயிறு வரை டின்னைத் தொடக் கூடாது. தூக்கில் அளவு இறங்குவதைக் கண்ணால் பார்த்தால் கை தானாகவே அடங்கும். ஸ்பூன் கணக்கு பார்த்தவர்களைவிடத் தூக்குக் கணக்கு பார்த்தவர்களே என்னிடம் வந்தவர்களில் நிலைத்து நின்றிருக்கிறார்கள்.

காலையில் அரை மணி நடை திரும்பவும் தொடங்கியது. மாடிக்குத் தானே ஏறினார். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டில் தூக்குவது. முழங்காலைப் பார்த்து இதை வகுத்துக் கொடுத்தவர் பிசியோதெரபிஸ்ட்.

எடை பார்க்கும் முறையையும் மாற்றினோம். திங்கட்கிழமை மட்டும் பார்ப்பார் என்றேன் இல்லையா, ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. உப்பும் காரமும் தூக்கலான ஒரு சாப்பாட்டுக்கு அடுத்த நாள் காலையைத்தான் வாரம் முழுவதற்கும் சாட்சியாக வைத்திருந்தார். தினமும் காலையில் பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் பில் புத்தகத்தில் எழுதச் சொன்னேன்.

இரண்டாவது வாரத்து போன்

பதினோராம் நாள் காலை ஆறரைக்குப் போன் வந்தது. “மேடம், 73.1. சாப்பிடச் சொன்னீங்க, சாப்பிட்டேன். ஏறிடுச்சு.” குரல் உடைந்திருந்தது. பின்னால் மிக்சி ஓடும் சத்தம் கேட்டது, வீட்டில் யாருக்கும் கேட்கக் கூடாது என்று அதை ஓட விட்டிருக்கிறார் என்று பிறகு சொன்னார்.

அந்த நேரத்தில் சூத்திரம் பேசி ஒரு பயனும் இல்லை. மாதவிடாய் எப்போது என்று கேட்டேன். இன்னும் நாலு நாளில். புதிதாகத் தசைப் பயிற்சி தொடங்கி எத்தனை நாள்? எட்டு. தொடை வலிக்கிறதா? வலிக்கிறது. வலிக்கும் தசை தண்ணீரைப் பிடித்து வைக்கும், மாதவிடாய்க்கு முன்னும் அப்படித்தான். 600 கிராம் கொழுப்பு சேர வேண்டும் என்றால் இந்தப் பத்து நாளில் தேவைக்கு மேல் 4,600 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும், நாளுக்கு 460. “எண்ணெய் எவ்வளவு மிச்சம் இருக்கு அக்கா?” தூக்கைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், கணக்கு சரியாக இருந்தது. “அப்போ வெள்ளி எங்கேயும் போகல. தூசியில இருக்கு. ஒரு வாரம் பொறுங்க.”

தொழில்முறை ஆலோசனை என்று எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. உணவு அட்டவணை செல்போனில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தப் போனை எடுத்துப் பேச ஆள் கிடைப்பதில்லை. அன்று அவர் தனியாக இருந்திருந்தால் மறுபடியும் 900க்குப் போயிருப்பார். யாரிடம் போகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உணவியலில் பட்டம் படித்திருக்கிறாரா, இந்திய உணவியல் சங்கத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். 2021இல் வந்த தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தில் ஊட்டச்சத்துத் தொழிலும் சேர்ந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனை, மாத்திரை விவரம் எதையும் கேட்காமல் முதல் நாளே அட்டவணையை நீட்டுகிறவரிடமும், தன்னிடமே வாங்கச் சொல்லிப் பவுடர் விற்கிறவரிடமும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

மூன்றாவது வாரச் சராசரி 72.3. நான்காவது வாரம் 71.9.

பதினாறு வாரம் கழித்து

ஆடிப் பண்டிகை ஏழாவது எட்டாவது வாரத்தில் வந்தது. கோட்டை மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டு, ஊரெல்லாம் பொங்கல் வைத்து, உறவுக்காரர்கள் வீடு நிறைய வந்து தங்கும் நேரம். மாவிளக்கும் கறிச்சோறும் இல்லாத வீடு இருக்காது. அந்த இரண்டு வாரம் எடை குறைய வேண்டாம், ஏறாமல் நின்றால் போதும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். அப்படியே நின்றது.

அக்டோபர் முதல் வாரத்தில் எடை 68.6 கிலோ. இடுப்புச் சுற்றளவு 98இலிருந்து 92. நாற்காலியில் 11 முறை எழுந்தவர் 16 முறை எழுந்தார். முடி கொட்டுவது நன்றாகக் குறைந்திருந்தது. உணவில் 240, நடையில் ஏறக்குறைய 100, ஆக நாளுக்கு 340 கலோரி பற்றாக்குறை என்று வைத்து, குறைக்கத் தொடங்கிய பதினாலு வாரத்துக்கு நான் தாளில் எழுதியிருந்தது 4.3 கிலோ. வந்தது 3.9. பண்டிகை வாரங்களும், எடை குறையக் குறைய உடம்பின் செலவு குறைவதும் அந்த வித்தியாசத்தில் இருக்கின்றன. நாலு மாதத்துக்கு நாலு கிலோவா என்று சிலருக்குத் தோன்றும். பி.எம்.ஐ இன்னும் 28க்கு மேல்தான், போக வேண்டிய தூரம் இருக்கிறது. ஆனால் இந்த நாலு கிலோ குறைந்தபோது அவர் மூன்று வேளையும் சாப்பிட்டார், பட்டறையில் ஒரு நாளும் கண் இருட்டவில்லை.

நான் செய்ததிலும் ஒரு பிசகு உண்டு. முதல் நாளே மாதவிடாய் தேதியைக் கேட்டுக் குறித்திருந்தால், இரண்டாவது வாரம் எடை ஏறும், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருப்பேன். அந்த மிக்சி சத்தத்துக்கு வேலை இருந்திருக்காது. இப்போது எல்லாப் பெண்களிடமும் முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

தீபாவளி முடிந்து மூன்று வாரம் கழித்து பில் புத்தகத்துத் தாள் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். 68.4, 68.7, 68.5. எடை மறுபடியும் நின்றிருந்தது. இந்தத் தடவை பேனா அழுத்தவில்லை, தாள் கிழியவில்லை. எண்களுக்குக் கீழே அவர் கையெழுத்தில்: “பலகாரத்துக்கு எண்ணெய் 1,350 கிராம் கூடுதல். நடை 5 நாள் விட்டது. இந்த வாரம் தூக்கு 600. இரண்டு வாரம் பார்த்துட்டு வரேன் மேடம்.”